பிரிண்டர் சொன்னதை நான் கேட்கவில்லை

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தேன். 'சாயங்காலம் தந்துவிடுகிறேன்' என்று. சனிக்கிழமை விடிந்தும் தரவில்லை. இடைப்பட்ட நாள்களில் என் பிரிண்டரை முப்பத்தொரு முறை அணைத்துப் போட்டேன்.

முப்பத்தொன்று என்று எப்படித் தெரியும்? எண்ணினேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் புதிதல்ல. ரயில்வே ஸ்டோரில் முப்பத்து மூன்று வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணிச் சோறு சாப்பிட்டவன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குப் போல்ட் இல்லை; படிகளை எண்ணுகிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட் நான்காவது மாடியில். எழுபத்திரண்டு படிகள். லிஃப்ட் இருக்கிறது... இந்த மாதம் ஆறு நாள் ஓடவில்லை.

சரி, வாக்குறுதி யாருக்கு? பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்கு.

பாக்கியத்தின் கணவர் ஆறுமுகம், துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையே லோரி ஓட்டியவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல் — கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டால் நான்காவது மாடியில் நான் எழுந்து நிற்பேன். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு போனது. இடது கையால் எழுதவும் வரவில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. பேப்பர் படிக்கிறார், பந்து விளையாட்டு பார்க்கிறார், நாம் சொல்வது ஒவ்வொன்றும் புரிகிறது. பதில்தான் வருவதில்லை. வாயைத் திறந்தால் ஒரே ஒரு சத்தம் — 'ஆ'. பசித்தாலும் ஆ. வலித்தாலும் ஆ.

மருத்துவமனையில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். படம் போட்டு, கீழே மலாயில் எழுதி, பன்னிரண்டு கட்டங்கள். வேண்டியதை அவர் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அது குழம்பு கொட்டி ஊறிக் கிழிந்துவிட்டது. கிழியும் முன்பும் அவர் அதைத் தொட்டதில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்த மனிதர். சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் கோப்பைப் படத்தையும் கட்டில் படத்தையும் காட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்?

அதனால்தான் பாக்கியம் புதன்கிழமை என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க கம்ப்யூட்டர்ல தமிழ்ல அடிப்பீங்கதானே? இவருக்கு ஒரு அட்டை வேணும். எழுத்து பெருசா இருக்கணும். வீட்ல நாம பேசுற வார்த்தையா இருக்கணும்."

"அதுக்கென்ன பாக்கியம். சாயங்காலம் தர்றேன்."

அவள் போகவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தினமும் சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டி விடுறாரு அண்ணே. என்ன கோபம்னு கேட்டா இல்லைன்னு தலையத்தான் ஆட்டுறாரு. என்னைப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. கிள்ளான்ல என் தங்கச்சி, நோயாளிங்களை வெச்சுப் பார்த்துக்கிற ஒரு ஹோம் பார்த்து வெச்சிருக்கா. சனிக்கிழமை மத்தியானம் அவங்க ஆளு வந்து இவரைப் பார்ப்பாங்க. அதுக்குள்ள இந்த அட்டையில எதையாச்சும் காட்டி, என்னான்னு சொல்லிட்டாருன்னா... இல்லன்னா என்னால முடியாதுலா அண்ணே. முடியவே முடியாது."

நாற்பத்தாறு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஓர் அட்டையின் மேல் வந்து நிற்கிறார்கள்.

"சாயங்காலம்" என்று இன்னொரு தடவை சொன்னேன்.

எழுத்து அட்டையாகவே போட்டுவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அவரே ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுச் சொல்லட்டுமே? ஆனால் தமிழுக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. இடது கை மட்டும் உள்ள மனிதர் 'தண்ணீர்' என்று கேட்டு முடிப்பதற்குள் தாகம் போய்விடும். சொற்களே நல்லது. ஒரு வரிசைக்கு நான்கு, ஆறு வரிசை, இருபத்து நான்கு கட்டங்கள். பாக்கியம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். தண்ணி, தே ஓ என்கிற பால் விடாத டீ, ரோட்டி, பசிக்குது, பாத்ரூம், முதுகு வலி, ஃபேன் போடு, டிவி போடு, பேப்பர் கொடு, தலைமாட்டை உயர்த்து... இருபத்து மூன்று வந்தது.

"இன்னும் ஒண்ணு சொல்லு பாக்கியம்."

"அவ்வளவுதான் அண்ணே. ஒண்ணு காலியாவே கெடக்கட்டும்."

கிடக்கட்டும் என்றாள். எனக்குத்தான் உறுத்தியது.

நாற்பது நிமிடத்தில் தட்டச்சு செய்து முடித்தேன். பிரிண்ட் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

இங்கே என் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு வயது பதினொன்று. இரண்டு வருடத்துக்கு முன் அது மாடி ஏறிய என்னைப்போல் மூச்சு வாங்கத் தொடங்கியபோது, பி.ஜே. என்கிற பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் மாப்பிள்ளை சுரேந்திரன் வந்து பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். "இனிமே வேகமா ஓடும் மாமா. காசும் கிடையாது" என்றார். பொய் சொல்லக் கூடாது. ஓடத்தான் செய்கிறது. இந்தப் பத்தியை அதில்தான் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அச்சடிக்கும் வேலை எப்போதாவதுதான் வரும்.

அந்த எப்போதாவது இப்போதா வர வேண்டும்?

திரையின் மூலையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. 'டோர் ஓபன்.' கதவு திறந்திருக்கிறதாம். எந்தக் கதவு? பிரிண்டரைப் பார்த்தேன். மூடி மூடித்தான் இருந்தது. கையால் அழுத்தியும் பார்த்தேன். மூடியிருக்கிற ஒன்றைத் திறந்திருக்கிறது என்று ஒரு மெஷின் சொன்னால் அதற்கு என்ன பொருள்? மெஷினுக்கு மூளை கெட்டுவிட்டது என்று பொருள்.

எப்போது கெட்டது? அதற்கும் என்னிடம் விடை இருந்தது. திங்கட்கிழமை ஓர் அப்டேட் வந்தது. இருநூற்றுப் பதினான்கு சாமான்களை மாற்றப் போகிறேன், சரியா என்று கேட்டது. சரி என்றேன். ஒரு வீட்டில் ஒரே நாளில் இருநூற்றுப் பதினான்கு சாமான்களை இடம் மாற்றினால் ஒன்றாவது உடையாதா?

குற்றவாளி கிடைத்துவிட்டான். இனி சாட்சியைக் கேட்பானேன்?

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"பிரிண்ட் எத்தனை தடவை அழுத்துனீங்க மாமா?"

"பதினேழு."

"ஐயோ மாமா... அது சரியாச்சுன்னா பதினேழு காப்பி வரும்லா!"

முதலில் அந்தப் பதினேழையும் ரத்து செய்ய வைத்தார். பிறகு திரையில் ஒரு கருப்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். போனில் எனக்கு எஸ்ஸும் எஃப்பும் ஒன்றாகவே கேட்கும். அதனால் ஊர்ப் பெயராகச் சொன்னார். "லங்காவி எல்லு, சிரம்பான் எஸ்ஸு, உலு லங்காட் யூ, மறுபடி சிரம்பான், பந்திங் பி." நாட்டையே ஒரு சுற்று சுற்றி வந்து தட்டினேன். ஆறு வரிகள் வந்தன. நான்காவது வரியில் என் பிரிண்டரின் பெயர் இருந்தது.

"அப்போ பிரிண்டர் உயிரோடதான் இருக்கு மாமா. கம்ப்யூட்டருக்கு அது தெரியுது. கேபிளும் நல்லாருக்கு. மூடி சரியா மூடியிருக்கான்னு ஒரு தடவை—"

"மாப்பிள்ளை, எழுபத்து நாலு வயசு எனக்கு. மூடி மூடியிருக்கான்னு தெரியாதா?"

அவர் அதோடு மூடியின் பேச்சை விட்டுவிட்டார். நல்ல பிள்ளை. இந்த இடத்தில் கொஞ்சம் கெட்ட பிள்ளையாக இருந்திருக்கலாம்.

பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். மறுபடியும் சேர்த்தோம். டிரைவர் என்கிறார்களே, அதில் மூன்று வகை போட்டுப் பார்த்தோம். மூன்றுக்கும் ஒரே பதில் — டோர் ஓபன்.

"மாமா, ஃபைலை எனக்கு அனுப்பிடுங்க. ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்து நானே கொண்டாந்து கொடுக்கிறேன்."

"இந்தச் சின்ன வேலைக்கு நீங்க பி.ஜே.யிலேருந்து வரணுமா? வேணாம் வேணாம். நான் பார்த்துக்கிறேன்."

பிறருக்குத் தொந்தரவு கொடுக்காத பெருந்தன்மை அல்லவா? அப்படித்தான் நானும் நினைத்தேன். வீம்புக்கு நாம் உடுத்திவிடும் சட்டைகளில் அது ஒன்று என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே, நூற்று எண்பத்தெட்டு அடி நடந்தால் ஒரு போட்டோஸ்டேட் கடை. அங்கேயும் போகவில்லை. முன்பு ஒரு முறை இந்தப் பத்தியை அங்கே அச்செடுக்கக் கொடுத்தபோது தமிழ் எழுத்துக்குப் பதிலாகப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. கடையில் இருந்த பெண், "அங்கிள், இது என்ன பாஷை?" என்று கேட்டாள். கோபித்துக்கொண்டு வந்தவன், அந்தக் கடையில் இன்னும் கால் வைக்கவில்லை.

இதற்கிடையில் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது?

கிண்ணம் விழும் சத்தம். புதன் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்று. வியாழன் காலை ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நீண்ட 'ஆ'. பிறகு பாக்கியம் தரை துடைக்கும் சத்தம்.

வியாழன் மாலை அவள் வந்து, "அண்ணே, ஆச்சா?" என்றாள். "நாளைக்கு" என்றேன். அன்றைக்குத்தான் புதுக் கேபிள் வாங்கி மாட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் நான்கு என்று ஆறு துளைகளிலும் கேபிளைச் செருகிப் பார்த்தேன். அப்டேட்டுக்கு முந்திய நிலையில் கம்ப்யூட்டரை எழுப்புவதற்கு ஒரு வழி உண்டு, அதையும் செய்தேன். டோர் ஓபன். டோர் ஓபன். டோர் ஓபன். கிண்ணம் இரண்டு முறை விழுந்தது.

அன்றைக்குப் பாக்கியம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை...

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஆறாவது கிண்ணம் விழுந்தது. நான் மேசைக்கு அடியில் மண்டியிட்டுக் கேபிளைத் தடவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் என் மனைவி கமலத்தின் குரல் கேட்டது.

"என்னங்க, அந்த இருபத்து மூணு வார்த்தையையும் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

எழுந்து பார்த்தால், மளிகைக் கடைக்காரர் கொடுத்த பெரிய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, வெள்ளைப் பின்பக்கத்தை மேலே போட்டு, மார்க்கர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அளவுகோல்கூட இல்லை. கோடுகள் கோணல் மாணலாக ஓடின. ஒரு கட்டம் பெரிது, ஒரு கட்டம் சிறிது. நான் படித்தேன், அவள் எழுதினாள். ஒன்பது நிமிடம்.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமே..." என்றேன்.

"அன்னைக்கே நீங்கதான் தர்றேன்னு சொன்னீங்க. நடுவுல பூந்தா கத்துவீங்க." மார்க்கரை மூடினாள். "மூணு நாளா கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்தீங்க. நோயாளி பக்கத்து வீட்ல இருக்காரு."

வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவன் நான். வீட்டில் எத்தனை பேனா இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியும் — பதினான்கு. அதில் ஒன்றை எடுத்து எழுதலாம் என்று மூன்று நாளாகத் தோன்றவே இல்லையே!

தாளை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். ஆறுமுகம் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சட்டையில் ஓட்ஸ் கஞ்சி சிந்தியிருந்தது. பாக்கியம் இரண்டாவது கிண்ணத்தில் கஞ்சியோடு எதிரே உட்கார்ந்திருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன.

கமலம் அவர் மடியில் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் தாளை விரித்தாள். "அண்ணே, உங்களுக்குத்தான். படிச்சுப் பாருங்க."

படித்தார். கண் வரிசை வரிசையாக இறங்குவதை நான் பார்த்தேன். இடது கை எழுந்தது. விரல் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், கடைசிக் கட்டத்தில் ஊன்றி நின்றது.

காலிக் கட்டம்.

"அதுல ஒண்ணும் எழுதலைங்க" என்றாள் பாக்கியம். "மேல பாருங்க. தே ஓ வேணுமா? கடையிலேருந்து மீ கோரெங் தாப்பாவ் பண்ணியாரவா? தங்கச்சி வரணுமா? குளிக்கணுமா?"

எல்லாவற்றுக்கும் தலை ஆடியது — இல்லை, இல்லை. ஒன்பது கேள்விகள் கேட்டாள். கேட்டுக்கொண்டே, ஆறிப் போகுமே என்று ஸ்பூனில் கஞ்சியை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயை இறுக மூடினார். முகம் திரும்பியது. விரல் அதே காலிக் கட்டத்தைக் குத்தியது. ஒரு முறை, இரண்டு முறை.

"பார்த்தீங்களா அக்கா? இப்படித்தான். இப்போ தட்டி விடுவாரு."

கமலம் மெதுவாகச் சொன்னாள். "பாக்கியம், அந்த ஸ்பூனைக் கீழ வை."

வைத்தாள். விரல் நின்றது.

"இப்போ எடு."

எடுத்தாள். விரல் குத்தியது.

கமலம் மார்க்கரைத் திறந்து, காலிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினாள். போதும்.

ஆறுமுகம் அதைப் பார்த்தார். கமலத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லைத் தட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் எனக்கு எண்ண வரவில்லை. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மறு பக்கம் அதற்கு முயற்சி செய்தது.

"போதும்னா சொன்னீங்க?" பாக்கியம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "வயிறு நெறஞ்சிருச்சுன்னா சொன்னீங்க? நான் உங்களுக்கு என்னையே பிடிக்காமப் போச்சுன்னு... ஏழு மாசமா..."

அவர் கையைத் தாளிலிருந்து எடுத்து அவள் மணிக்கட்டின் மேல் வைத்தார்.

நாங்கள் போட்ட பட்டியலை நினைத்துப் பாருங்கள். கொடு, போடு, உயர்த்து, வேணும். இருபத்து மூன்றும் கேட்கிற சொற்கள். அன்புள்ள நாம், நோயாளிக்குக் கேட்பதற்கு என்னென்னவோ எழுதித் தருகிறோம். மறுப்பதற்கு ஒரு சொல்லை எழுதித் தருகிறோமா? சொல் இல்லாதவன் வேறென்ன செய்வான்... கிண்ணத்தைத் தட்டுவான்.

பாக்கியம் மூக்கைத் துடைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டாள். "இன்னைக்கு அவங்களை வர வேணாம்னு சொல்லு. ஒரு மாசம் பார்க்கிறேன்லா. ...ஆமா, ஒரு மாசம்." ஒரு மாதம்தான் சொன்னாள். அதற்கு மேல் அவளும் வாக்குக் கொடுக்கவில்லை. நியாயம்தானே.

வீட்டுக்கு வந்தேன். பிரிண்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையின் மூலையில் அதே செய்தி. மூன்று நாளாக அது ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நான் ஒரு தடவையாவது நம்பினேனா?

டார்ச் விளக்கை எடுத்து மூடியைத் திறந்தேன். மூடியின் ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு உண்டு. மூடும்போது அது கீழே ஒரு துளைக்குள் இறங்கி, உள்ளே ஒரு சுவிட்சைத் தொட வேண்டும். தொட்டால்தான் மூடியிருக்கிறது என்று அதற்குத் தெரியும். அந்தத் துளையில் மஞ்சளாக ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

சந்தனம். குங்குமம்.

போன மாதம் ஆயுத பூஜை. கமலம் ரைஸ் குக்கர், தையல் மெஷின், மிக்சி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பிரிண்டர் பக்கம் வந்ததும் நான் சத்தம் போட்டது நினைவுக்கு வந்தது. "வெளியில வைக்காதே, பேப்பர்ல ஒட்டும்! உள்ளே எங்கேயாச்சும் கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்து வை!"

"இங்கேயா வெச்சே?" என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தாள். "ஆமா. சின்ன வட்டமா, பொட்டு வைக்கவே பண்ணின மாதிரி இருந்துச்சு."

அப்டேட் செய்த பாவம் ஒன்றுமில்லை. இருநூற்றுப் பதினான்கு சாமான்களும் பத்திரமாக இருந்தன. பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். மூடினேன். 'டக்' என்று ஒரு சத்தம் — மூன்று நாளாக அந்தச் சத்தம் வராததைக்கூட நான் கவனிக்கவில்லை. உடனே தாள் வந்தது. நின்றதா? இல்லை. வெள்ளிக்கிழமை பொறுமை இழந்து அழுத்தியவை ஒன்பது. ஒன்பது அட்டைகளும் வரிசையாக வந்து விழுந்தன, கடைசிக் கட்டம் காலியாக.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, மூடிதான் காரணம் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு 'போதும்' என்பதை முதல் கட்டத்தில் போட்டு, நேரான கோடுகளோடு, பெரிய எழுத்தில் ஒன்று புதிதாக அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு ஆறுமுகத்துக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் விரல் இன்னும் கமலத்தின் கோணல் தாளைத்தான் தேடுகிறது. என்னுடையது அவருடைய கஞ்சிக் கிண்ணத்துக்கு அடியில் விரிப்பாக இருக்கிறது. துடைக்க வசதியாக இருக்கிறதாம். இந்த வாரம் கிண்ணம் ஒரே ஒரு முறைதான் விழுந்தது. அதுவும் பாக்கியத்தின் கை தவறி.

மிச்சம் இருந்த ஒன்பது அட்டைகளில் ஒன்றைக் கமலம் எடுத்து, காலிக் கட்டத்தை நிரப்பி, எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் இந்தப் பிரிண்டர் கதையை ஆரம்பித்தாலே போதும் — அவள் விரல் எழுந்து எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?